லிங்க்ட்இன் பக்கத்தில் நம் பிள்ளைகள்: தகுதிக்குச் சாட்சி சொல்வது யார்?

2025 ஆகஸ்ட் 27 அன்று பெரும்பாலான இந்தியப் பொருட்கள் மீதான இறக்குமதி வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியது. மற்ற ஊர்களில் அது வணிகச் செய்தி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் அது வீட்டுச் செய்தி. இங்கே ஒரு வீட்டில் அத்தா டேனரியில் இருப்பார், அண்ணன் ஷூ கம்பெனியில் இருப்பார், பக்கத்து வீட்டுச் சகோதரி அப்பர் தைப்பார். ஆர்டர் நின்றால் எல்லா வீட்டு அடுப்பும் ஒரே நேரத்தில் தணியும்.

அதே ஆண்டு ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பை வழங்கியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும், அந்தத் தொகையை மாசுபடுத்திய ஆலைகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 1996இல் இதே பகுதியின் வழக்கில் வந்த தீர்ப்பின் தொடர்ச்சி அது. ஆக, நம் தொழிலை வெளியிலிருந்து வரியும் உள்ளிருந்து தண்ணீரும் நெருக்குகின்றன.

வரி ஏறும், இறங்கும். பேச்சுவார்த்தைகள் நடக்கும். இவை நம் கையில் இல்லை. நம் கையில் உள்ள ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் இங்கே பேசுவோம். ஒரு கம்பெனி ஆட்களைக் குறைக்கிறது. அங்கே பதினைந்து ஆண்டு வேலை பார்த்தவருக்கு என்னென்ன தெரியும் என்பது இந்த ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கு எப்படித் தெரியும்?

சொல்லி வைத்துக் கிடைத்த வேலை

நம் பகுதியில் வேலை என்பது பெரும்பாலும் சொல்லி வைத்துக் கிடைப்பது. மாமா சொல்லி வைப்பார். மச்சான் வேலை பார்க்கும் இடத்தில் ஆள் தேவைப்படும். பள்ளிவாசலில் முதலாளியைப் பார்த்து, "பையன் டிகிரி முடிச்சிருக்கான் பாய்" என்று அத்தா ஒரு வார்த்தை போடுவார். திங்கட்கிழமை பையன் வேலைக்குப் போய்விடுவான். விண்ணப்பமும் கிடையாது, நேர்காணலும் கிடையாது.

இதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. மூன்று தலைமுறைக்கு மேலாக இந்த வழக்கம் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. ஆனால் இதற்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, சொல்லி வைக்க மாமா இல்லாத ஏழைப் பிள்ளைக்கு இதில் இடமில்லை. இரண்டாவது, நமக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே தொழிலில் இருக்கிறார்கள். தொழில் தடுமாறும்போது மாமாவும் மச்சானும் நாமும் சேர்ந்தே தடுமாறுகிறோம்.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973லேயே இதை ஆராய்ந்து எழுதினார். வேலை பற்றிய புதிய தகவல் நெருங்கிய உறவினரைவிட, ஓரளவு பழக்கமுள்ளவர்கள் மூலமே அதிகம் வருகிறது என்பது அவருடைய முடிவு. காரணம் எளிது. நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களை வைத்து ஐந்து ஆண்டுகள் நடத்திய சோதனையின் முடிவு 2022 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. அதுவும் இதையே உறுதி செய்தது. வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியவர்கள் நெருங்கிய நண்பர்கள் அல்லர், முற்றிலும் அறியாதவர்களும் அல்லர். பொதுவான சில அறிமுகங்கள் உள்ள, ஓரளவு தெரிந்தவர்களே.

நம் ஊர் பாஷையில் சொன்னால், மாமா தேவைதான். ஆனால் மாமாவின் நண்பருக்குத் தெரிந்தவரே கூடுதலாக உதவுவார். அவரை எங்கே பார்ப்பது என்பதுதான் கேள்வி.

பெருமையா, சாட்சியமா?

2003இல் தொடங்கப்பட்ட லிங்க்ட்இன் 2016இல் மைக்ரோசாஃப்ட் வசம் சென்றது. உலகெங்கும் 100 கோடிக்கும் மேற்பட்டோர் இதில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில்தான் பயனர்கள் அதிகம். ஆள் தேடும் நிறுவனங்கள் இதில் திறமை, ஊர், அனுபவம் ஆகிய சொற்களைக் கொண்டு தேடுகின்றன. அந்தச் சொற்கள் நம் பக்கத்தில் இல்லாவிட்டால், நாம் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அந்தத் தேடலில் வர மாட்டோம்.

நம் பிள்ளைகள் பலருக்குக் கணக்கு இருக்கிறது. திறந்து பார்த்தால் பெயர், கல்லூரி, "வேலை தேடுகிறேன்" என்ற ஒரு வரி, அவ்வளவுதான். ஏன் எழுதவில்லை என்று கேட்டால் கூச்சப்படுகிறார்கள். "நம்மள நாமே புகழ்ந்துக்கறது சரியா ஹஜ்ரத்?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. தன்னைத் தானே பரிசுத்தமானவன் என்று சொல்லிக்கொள்வதைக் குர்ஆன் தடுக்கத்தான் செய்கிறது (53:32).

ஆனால் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றையும் அதே குர்ஆன் நமக்குச் சொல்கிறது. பஞ்சம் வரப்போகும் நாட்டின் களஞ்சியப் பொறுப்பைத் தம்மிடம் தரும்படி அவர்கள் மன்னரிடம் கேட்டார்கள். அதற்குக் காரணமாகத் தம்முடைய இரண்டு தகுதிகளை எடுத்துரைத்தார்கள். ஒன்று பாதுகாக்கும் பண்பு, மற்றொன்று அறிவு (12:55). மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி தந்தையிடம் மகள் பரிந்துரைத்தபோதும், வலிமை, நம்பகத்தன்மை என்று இரண்டு தகுதிகள்தாம் சொல்லப்பட்டன (28:26).

இந்த இரண்டு நிகழ்வுகளிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. தேவைப்படும் இடத்தில், உள்ளதை உள்ளபடி, வேலைக்குத் தொடர்பானதை மட்டும் சொல்வது பெருமையாகாது. அது சாட்சியம். சாட்சியத்துக்கு உரிய ஒழுங்கு அதற்கும் உண்டு. கூட்டியும் சொல்லக் கூடாது, மறைத்தும் சொல்லக் கூடாது. ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு இரண்டு ஆண்டு என்று எழுதுவது பொய்ச்சாட்சி. பன்னிரண்டு ஆண்டு அனுபவத்தை எழுதாமல் விடுவது நம் குடும்பத்துக்குச் சேர வேண்டியதை நாமே தடுப்பது.

எதை எழுதுவது?

பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிதான் முதலில் கண்ணில் படும். 220 எழுத்துகள் வரை எழுதலாம். நாம் எதுவும் எழுதாவிட்டால் பதவியும் கம்பெனி பெயரும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். "சூப்பர்வைசர்" என்று மட்டும் இருந்தால் யாருக்கும் எதுவும் புரியாது. "ஷூ அப்பர் தையல் பிரிவு மேற்பார்வையாளர், 9 ஆண்டுகள், ஐரோப்பிய ஏற்றுமதி ஆர்டர்கள்" என்றிருந்தால் தேடுகிறவருக்கு ஒரு பார்வையில் விஷயம் விளங்கிவிடும்.

அனுபவப் பகுதியில் "கடின உழைப்பாளி", "பொறுப்பானவர்" என்று எழுதுவதால் பயனில்லை. எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். செய்த வேலையை எழுதுங்கள். கட்டிங்கா, தையலா, லாஸ்டிங்கா? ஆட்டுத்தோலா, மாட்டுத்தோலா? வெட் ப்ளூ நிலையா, ஃபினிஷிங்கா? உங்களுக்குக் கீழே எத்தனை பேர்? ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி?

சாதாரணமாக நினைக்கும் வேலையில்கூட வெளியுலகம் தேடும் அறிவு இருக்கும். தோலில் குரோமியம் 6 அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்ற விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் நடைமுறைப்படுத்துகிறது. ஆய்வகத்தில் இந்தச் சோதனையைச் செய்யும் நம் பிஎஸ்சி வேதியியல் பிள்ளை, "லேப் அசிஸ்டென்ட்" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீரைக் கையாளத் தெரிந்தவரின் அறிவு தோல் தொழிலோடு முடிந்துவிடுவதில்லை. சாயப்பட்டறைக்கும் மருந்து ஆலைக்கும் உணவு ஆலைக்கும் அது தேவை. ஏற்றுமதி ஆவணங்களைத் தயாரிப்பவருக்குச் சென்னைத் துறைமுகம் வரை வேலை இருக்கிறது. இவர்கள் தங்கள் பக்கத்தில் "தோல்" என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதிக்கொண்டு, தோல் விழும்போது தாங்களும் விழுகிறார்கள்.

வேலை வாய்ப்புகள் நம் வாசலுக்கே வந்துகொண்டிருக்கும் காலம் இது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரிலும், தைவானின் ஹாங் ஃபூ காலணி ஆலைக்கு அதே ஆண்டு டிசம்பரிலும் அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தகைய பெரிய நிறுவனங்களின் மனிதவள அதிகாரிக்கு நம் மாமாவைத் தெரியாது. அவர் கணினியில்தான் தேடுவார்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சான்றிதழில் ஒரு 'முஹம்மது', பாஸ்போர்ட்டில் வேறு ஆங்கில எழுத்துக்கூட்டில் இன்னொரு 'முஹம்மது', ஆதாரில் சுருக்கெழுத்து என்று நம் பிள்ளைகளின் பெயர் மூன்று விதமாக இருக்கிறது. லிங்க்ட்இன் பக்கத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். வளைகுடாவிலோ பெங்களூரிலோ சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் இதன் அருமை தெரியும்.

இன்னொன்று அமானிதம் தொடர்பானது. தயாரிப்பில் உள்ள சாம்பிள் ஷூவைப் படம் எடுத்து, "எங்கள் கம்பெனியின் புதிய மாடல்" என்று சிலர் பதிவிடுகிறார்கள். அந்த டிசைன் வாங்குநரின் உடைமை. கடைக்கு வரும் முன்பே அது வெளியானால் கம்பெனி ஆர்டரை இழக்கலாம், பதிவிட்டவர் வேலையை இழக்கலாம். செய்த வேலையைச் சொல்லுங்கள், வாங்குநரின் ரகசியத்தைச் சொல்லாதீர்கள்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கும் இது பொருந்தும். நாமும் ஓதி முடித்த பின்பு கலைப் பட்டம் பெற்றவர் என்பதால் அனுபவத்தில் சொல்கிறோம். "பாகவி", "உமரி" என்ற பட்டங்களின் மதிப்பு வேலூருக்கும் உமராபாத்துக்கும் தெரியும், ஹைதராபாதில் உள்ள ஒரு நிறுவனத்துக்குத் தெரியாது. ஏழு ஆண்டுகள் அரபி மூல நூல்களைப் படித்தோம், உருதுவும் தமிழும் எழுதுவோம், மொழிபெயர்ப்போம், வகுப்பு எடுத்திருக்கிறோம் என்று விரித்து எழுதினால்தான் விளங்கும்.

பெயரைப் பார்த்து மூடும் கதவு

இத்தனையும் செய்த பிறகும் பெயரைப் பார்த்து ஒதுக்கினால்? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

லெட்பை ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஹபீபா அலி, பிரியங்கா சர்மா என்ற இரண்டு கற்பனைப் பெயர்களில், ஒரே அளவு தகுதியுள்ள விண்ணப்பங்களை 1,000 வேலைகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். லிங்க்ட்இன் உள்ளிட்ட தளங்கள் வழியாகவே அனுப்பினார்கள். பிரியங்காவுக்கு 208 சாதகமான பதில்கள் வந்தன. ஹபீபாவுக்கு வந்தவை 103. வட மாநிலங்களைவிடத் தென் மாநில வேலைகளில் இந்தப் பாகுபாடு கூடுதலாக இருந்தது என்பது நாம் எதிர்பார்க்காத செய்தி. 2007இல் சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் தனியார் வேலைகளில் நடத்திய ஆய்விலும் முஸ்லிம் பெயர்களுக்கும் தலித் பெயர்களுக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது.

அரசியல் சாசனத்தின் 16ஆவது பிரிவு மதத்தின் பெயரால் பாகுபாடு காட்டுவதை அரசு வேலைகளில் தடுக்கிறது. தனியார் துறைக்கு அது நீளவில்லை. அதற்கான சட்டத்தைக் கேட்பது நம் சமுதாய அமைப்புகளின், அரசியல் தலைவர்களின் கடமை. அந்தக் கோரிக்கை ஒருபுறம் நடக்கட்டும்.

வேலை தேடும் பிள்ளை நாளைக் காலை என்ன செய்வது? சிலர் பெயரைச் சுருக்கி, அடையாளம் தெரியாதபடி வைத்துக்கொள்கிறார்கள். இனிஷியல் போடுவது நம் தமிழ் வழக்கம்தான், அதில் தவறில்லை. ஆனால் வேறு பெயரை வைத்துக்கொள்வது பொய். சான்றிதழ் காட்டும் நாளில் அது வெளிப்பட்டும்விடும். அதைவிட, 208க்கும் 103க்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். முன்பின் அறியாத ஒருவருக்கு விண்ணப்பம் போனதால் கிடைத்த கணக்கு அது. உள்ளே வேலை பார்ப்பவர் ஒருவர், "இவரை எனக்குத் தெரியும், நல்லா வேலை செய்வார்" என்று சொல்லி அனுப்பும் விண்ணப்பத்தின் நிலை வேறு. அங்கே பெயருக்கு முன்னால் ஒரு சாட்சி நிற்கிறது.

அந்தச் சாட்சிகள் நமக்கு இருக்கிறார்கள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கியது. மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும், ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969இலும் தொடங்கின. இவற்றின் முன்னாள் மாணவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். லிங்க்ட்இனில் கல்லூரியின் பக்கத்தைத் திறந்தால், அங்கே படித்தவர்கள் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்கலாம். மூன்று வரியில் ஸலாமும் அறிமுகமும் எழுதி அனுப்புங்கள். முதல் கடிதத்திலேயே வேலை கேட்காதீர்கள். அவர் துறையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு பேர் பதில் தருவார்கள். அந்த இருவர்தாம் மாமாவின் நண்பருக்குத் தெரிந்தவர்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு

நம் பகுதியில் பட்டம் வாங்கும் பெண் பிள்ளைகள் அதிகம். படிப்பு முடிந்ததும் அந்தப் பட்டம் நிகாஹ் பேச்சில் ஒரு வரியாக மட்டும் நின்றுவிடுவதும் அதிகம். இணையத்தில் பெயரைப் போடவே தயங்கும் பெற்றோரின் கவலையை நாம் அறிவோம். சில விவரங்கள் தெரிந்தால் அந்தக் கவலை குறையலாம்.

புகைப்படம் கட்டாயமில்லை. வைத்தாலும், தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி அமைக்கலாம். நம் மின்னஞ்சல் முகவரி தெரிந்தவர்கள் மட்டுமே தொடர்புக் கோரிக்கை அனுப்பும்படியும் மாற்றலாம். தொல்லை தருபவரைத் தடுத்து, புகாரும் செய்யலாம். ஹிஜாபோடு படம் வைப்பதா என்று தயங்கும் பிள்ளைக்கு நம் கருத்து இது: வைக்க விரும்பினால் அப்படியே வைக்கட்டும். ஹிஜாபை ஏற்காத நிறுவனம் எது என்பது வேலையில் சேரும் முன்பே தெரிந்துவிடுவதும் ஒரு நன்மையே.

ஏமாற்று வலை

தளம் பெரிதானால் மோசடியும் வரும். இணைய வேலை, நல்ல சம்பளம் என்று இளைஞர்களைத் தாய்லாந்துக்கு வரவழைத்து, மியான்மருக்கும் கம்போடியாவுக்கும் கடத்திச் சென்று இணைய மோசடியில் ஈடுபடுத்திய செய்திகளைப் படித்திருக்கிறோம். அதில் தமிழகப் பிள்ளைகளும் சிக்கினார்கள்.

வேலை தருகிறவர் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று பாருங்கள். பதிவான ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். சுற்றுலா விசாவில் போகச் சொன்னால் போகாதீர்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்

பிள்ளைகளுக்கு இவ்வளவு சொல்லிவிட்டு, தொழில் நடத்தும் நம் பெரியவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் போனால் அது நியாயமில்லை.

முதலாவது, பெயரைப் பார்த்து நம்மை ஒதுக்குவது அநீதி என்றால், சொந்தக்காரர் இல்லை என்பதற்காகத் தகுதியானவரை நாம் ஒதுக்குவதும் அநீதியே. நம் ஷூ கம்பெனிகளில் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் சகோதரிகளும் தலித் சகோதரிகளும் அருகருகே உட்கார்ந்து தைக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் மேற்பார்வையாளர் நாற்காலிக்கு வந்திருக்கிறார்கள்? இந்தக் கணக்கை ஒவ்வொரு முதலாளியும் தம் கம்பெனியில் எடுத்துப் பார்க்கட்டும்.

இரண்டாவது, லிங்க்ட்இனில் பரிந்துரை என்று ஒரு பகுதி உண்டு. நம்மோடு வேலை பார்த்தவரைப் பற்றி நாம் எழுதுவது, அவர் பக்கத்தில் நம் பெயரோடு நிற்கும். நம் பிள்ளைகளின் பக்கங்களில் இந்த இடம்தான் பெரும்பாலும் காலியாகக் கிடக்கிறது. முதலாளி வாயால் சொல்லும் நல்ல வார்த்தைக்குப் பாலாற்றுக் கரையைத் தாண்டி மதிப்பில்லை. அதையே ஐந்து வரியாக எழுதினால் துபாயிலும் சென்னையிலும் படிப்பார்கள். ஆர்டர் இல்லாமல் ஆட்களை நிறுத்த நேர்ந்தால், கணக்கு முடித்து அனுப்பும் அன்றே, அவர் என்ன வேலை செய்தார், எவ்வளவு நேர்மையாகச் செய்தார் என்று எழுதித் தாருங்கள். உங்களுக்கு அது பத்து நிமிட வேலை. அவருக்கு அது அடுத்த வேலை.

தையல் இயந்திரத்தில் உட்காரும் சகோதரிக்கு லிங்க்ட்இன் உடனே வேலை தந்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்வோம். அவருக்குத் தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளமும், மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளமும் பொருத்தமானவை. ஆனால் அவருக்கும் எழுதிக் கொடுத்த சாட்சியம் தேவை. காகிதத்தில் இருந்தாலும் போதும்.

ஜமாஅத்துகள் ஒரு காரியம் செய்யலாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸருக்குப் பின் இரண்டு மணி நேரம், பள்ளிவாசல் மண்டபத்திலோ மதரஸாவிலோ இரண்டு கணினிகளை வையுங்கள். ஐடியில் வேலை பார்க்கும் மஹல்லா இளைஞர்கள் நால்வர் உட்காரட்டும். வருபவருடைய அனுபவத்தைக் கேட்டு எழுதிக் கொடுக்கட்டும். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். மாமா இல்லாத பிள்ளைக்கு மஹல்லாவே மாமாவாகட்டும்.

ரிஸ்க் அல்லாஹ்விடமிருந்து வருகிறது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அதைத் தேடிச் செல்வதும், தேடுகிற சகோதரனுக்காக உண்மையான ஒரு வார்த்தை சொல்வதும் நம் மீதுள்ள கடமை. இந்த வாரம் ஒருவருக்காவது அந்த ஐந்து வரிகளை எழுதிக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.